ஜன்னலோரத்து உண்ணிச்செடி

மேனாம்பேடு, அம்பத்தூர்
15-9-2024

அன்புத் தங்கை சரசாவுக்கு,

அண்ணன் இருதயராஜ் எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மலையில் இந்நேரம் குளிர் ஆரம்பித்திருக்கும். மடத்தில் ஜெபம் ஜெபம் என்று தரையில் மண்டியிட்டே கிடக்காதே. கடவுளுக்கும் உன் முட்டி தெரியும்.

சொர்ணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வலது கையும் காலும் அசையவில்லை. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. பக்கவாதம் வந்ததில் பேச்சு முழுவதும் போய் ஒரே ஒரு வார்த்தை தங்கியிருக்கிறது. "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சும், போகப் போகப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

பின்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். பாத்ரூம் பக்கத்தில் என்பதால் அந்த அறை. அஞ்சலை என்று ஒரு பெண் காலையிலிருந்து இரவு நான் வரும் வரை பார்த்துக்கொள்கிறாள். நான் மதியம் இரண்டு மணிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனால் திரும்பப் பத்தாகிவிடும். அமல்ராஜ் குவைத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிறான். அவனைப் பார்த்தும் சரி என்றுதான் சொன்னாள். பையன் அழுதுவிட்டான்.

அந்த ஜன்னலுக்கு வெளியே நம் சுவருக்கும் பக்கத்து வீட்டு ஆசிக்கின் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறதல்லவா, அதில் ஓர் உண்ணிச்செடி முளைத்து ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. யாரும் வைத்ததில்லை. குருவி எச்சத்தில் வந்திருக்கும். ஜன்னல் கம்பிக்குள் கிளையை விடுகிறது. கொசு தாங்கவில்லை. உங்கள் மலையெல்லாம் அந்தச் செடிதானே, அதை எப்படி எடுப்பீர்கள் என்று எழுது.

அண்ணன்,
இருதயராஜ்


மடம், ஏற்காடு
2-10-2024

என் அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கோவிலில் வைத்துப் படித்தேன். அறையில் படிக்கத் தெம்பில்லை. அண்ணி பெயரை இங்கே தினமும் மாலை ஜெபத்தில் சொல்கிறோம். என் முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே, இளைய சகோதரிகள் தைலம் தேய்த்து விடுகிறார்கள்.

போனில் ஒரு வார்த்தை பேச முடியாத இடத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு கடிதம்தான் அனுமதி. அதனால் கேட்க நினைப்பதையெல்லாம் இதிலேயே கேட்டுவிடுகிறேன். அண்ணி சாப்பிடுகிறார்களா? நீ வேலைக்குப் போனபின் அவ்வளவு நேரமும் எப்படிப் போகிறது அவர்களுக்கு? ஜன்னலோரம் என்று எழுதியிருக்கிறாய். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

உண்ணிச்செடியை எடுப்பது லேசான வேலை இல்லை. மேலே வெட்டிவிட்டு விட்டால் ஒரே மழையில் முன்னைவிடப் புதராக வரும். கிளைகளை முதலில் கழித்துவிட்டு, அடித்தண்டைச் சுற்றி மண்ணை நன்றாக நனைத்து, கடப்பாரையால் வேரோடு நெம்ப வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், முள் கீறும். நீ இறங்காதே, ஆள் வைத்துச் செய்.

ஜெபங்களுடன்,
சரசா


மேனாம்பேடு
10-11-2024

தங்கை சரசாவுக்கு,

நான் நலம். நீ தைலம் தீர்ந்தால் எழுது, அனுப்புகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. சந்தில் கணுக்கால் தண்ணீர். அந்தச் செடியின் அடியில் பாம்பு பார்த்ததாக அஞ்சலை சொல்கிறாள்.

"சார், ஒண்ணு அந்தச் செடி இருக்கணும், இல்லாங்காட்டி நான் இருக்கணும். ஜன்னல் வழியா உள்ள வந்துச்சுன்னா இன்னா செய்வேன் நானு? அம்மாவால எழுந்து ஓடவா முடியும்?"

அவள் சொல்வதும் நியாயம். மதுரைவீரன் என்று மரம் வெட்டுகிறவரைக் கூட்டி வந்து காட்டினேன். சந்தில் நேராக நிற்க முடியாது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நைனா, செடி இன்னா செடி, அத எடுத்துடலாம். வேரு உங்க டிரெயினேஜ் பைப்பு மேல குந்திகினு கீது. இப்ப நெம்புனா பைப்பு போவும். தண்ணி வத்தட்டும், பொங்கல் தாண்டி வர்றேன்" என்றார்.

சொர்ணத்திடமும் கேட்டேன். "இந்தச் செடியை எடுத்துடலாமா?" என்றேன். சரி என்றாள்.

அவள் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாள். அது போதும்.

அண்ணன்,
இருதயராஜ்


மடம், ஏற்காடு
26-11-2024

அன்பு அண்ணா,

மழைச் செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் பயம். உங்கள் தெருவில் தண்ணீர் வடிந்ததா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எழுதவும் மாட்டோம், வந்த கடிதங்களைப் பிரிக்கவும் மாட்டோம். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நினைவூட்டுகிறேன், பதில் இல்லையே என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணியும் சரி என்று சொல்லிவிட்டால் பிறகென்ன, எடுத்துவிடு. வெளிச்சமும் காற்றும் வந்தாலே உடம்பு பாதி தேறும். அண்ணி வாயிலிருந்து சரி என்ற வார்த்தை உனக்கு இந்த வயதிலாவது கிடைத்ததே. நான் வீட்டை விட்டு வரும் வரை கேட்டதில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சிரிக்க வைக்க எழுதினேன்.

அண்ணி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நேரம் இருக்கும்போது எழுது.

உன் தங்கை,
சரசா


மேனாம்பேடு
29-12-2024

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் மடத்தில் எல்லோருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே கேக் வாங்கவில்லை. ஆசிக் வீட்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். அமலுக்கு லீவு கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று எனக்கு விடுமுறை. சொர்ணத்துக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "சரி, சரி, சரி" என்று வேகமாகச் சொல்லி, நல்லா இருக்கிற இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. பூச்சியோ என்னவோ உள்ளே வந்துவிட்டது போல என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். உடனே அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல் கண்ணீர் மட்டும். கொக்கி சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறை இழுத்துச் சாத்தினேன். அப்புறம் கஞ்சி குடிக்கவில்லை.

பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று அஞ்சலை சொல்கிறாள். அவள் இதற்கு முன் பார்த்துக்கொண்ட பெரியவர் டிவியில் விளம்பரம் வந்தால் அழுவாராம்.

பொங்கலுக்குப் பிறகு அந்தச் செடி வேலையை முடித்துவிடுவேன்.

அண்ணன்,
இருதயராஜ்


மடம், ஏற்காடு
22-1-2025

அண்ணா,

இந்த மாதக் கடிதம் தாமதமாகிவிட்டது. கண்ணில் புரை எடுத்தார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் ஆசிக் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை ஒரு சகோதரிதான் எனக்குப் படித்துக் காட்டினாள். அண்ணி அழுத இடம் வந்ததும் அதை மறுபடியும் படிக்கச் சொன்னேன். அன்று ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று நீ எட்டிப் பார்த்தாயா? எனக்கு என்னவோ அவர்கள் சாத்தச் சொன்னதாகத் தோன்றவில்லை. இனி அந்த ஜன்னலை மூடாதே. அஞ்சலையிடமும் சொல்லி வை.

செடி விஷயத்தில் நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. அண்ணியிடம் இன்னொரு முறை கேட்டுப் பார். "வேண்டாமா?" என்று மாற்றிக் கேள். அதற்கும் சரி என்றுதான் சொல்வார்கள் என்றால், முதலில் சொன்ன சரிக்கு என்ன அர்த்தம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

சரசா


மேனாம்பேடு
2-2-2025

அன்பு சரசாவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? குனிந்து வேலை செய்யாதே. கண்ணாடி போடச் சொன்னால் போட்டுக்கொள்.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. மதுரைவீரன் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் வந்தார். கிளையெல்லாம் கழிக்கவே நேரம் பிடித்தது. வெட்டினதை ஜன்னல் பக்கமாக இழுத்தால் முள் கம்பியில் மாட்டுகிறது என்று சந்தின் அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டே போய் எடுத்தார். அறை முழுக்க அந்தப் பச்சை வாடை. அடித்தண்டு என் மணிக்கட்டு அளவு இருந்தது. வேர் பைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்ததால் கடைசியில் பைப்பும் உடைந்தது. ஆசிக் வந்து ஒட்டிக் கொடுத்தார்.

வெட்ட ஆரம்பித்ததிலிருந்து சொர்ணம் "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சத்தமாக. வெளியே மதுரைவீரனுக்குக் கேட்டது. "அம்மா உஷாராயிடுச்சு நைனா, வேலை வாங்குது பாரு" என்று சிரித்தார். அஞ்சலையும் "இன்னா சந்தோசம் பாருங்க சார் அம்மாவுக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எட்டவில்லை.

கிளையில் ஒரு கூடு இருந்தது. சின்னப் பை மாதிரி தொங்கியது. தேன்சிட்டுக் கூடு என்று மதுரைவீரன் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை. சொர்ணம் பார்த்தால் சிரிப்பாள் என்று கொண்டுபோய்க் காட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மாலை அஞ்சலை உடம்பு துடைக்கும்போதும் கையைத் திறக்கவில்லையாம்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவளிடம் போய், "செடி வேணாமா?" என்று கேட்டேன். "வேணுமா?" என்றும் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையையும் நிறுத்திவிட்டாள்.

அறையில் இப்போது வெளிச்சம் நன்றாக வருகிறது.

இருதயராஜ்


மடம், ஏற்காடு
20-2-2025

அண்ணா,

நீ மட்டும் செய்ததாக எழுதாதே. எப்படி எடுக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எடுத்துவிடு என்று எழுதியவளும் நான். அண்ணி பேச்சை வைத்து வேடிக்கையும் செய்தேன். அதை நினைத்தால் இரவில் உறக்கம் வரவில்லை.

இங்கே வயதான சகோதரி ஒருவருக்குப் பேச்சு போனபோது எங்கள் மடத்துத் தலைவியான மதர் ஒன்று செய்தார். கேட்பவர், பேச முடியாதவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு. நீயும் செய்து பார். வாய்க்குப் பதில் கை பேசட்டும். கண்ணுக்கு நேரே ஏதாவது பூத்தொட்டி கொண்டுவந்து வை. உடனே செய், நாளைக்கு என்று தள்ளாதே.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். ஈஸ்டர் வரை எனக்குக் கடிதம் கிடையாது. இந்தத் தவக்காலம் எனக்கு நீளமாக இருக்கப்போகிறது. வேளைக்குச் சாப்பிடு.

சரசா


மேனாம்பேடு
16-3-2025

சரசா,

இதை நீ இப்போது படிக்க மாட்டாய். மதர் மேசையில் ஈஸ்டர் வரை கிடக்கும். அதனால்தான் எழுத முடிகிறது.

நீ சொன்னபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்தச் செடியைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு அழுத்து. கிறிஸ்துமஸ் அன்று குருவியைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டாயா? ஒரு அழுத்து. வெட்டாதே என்றுதான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாயா? அழுத்தினாள், அழுத்தின பிடியை விடவே இல்லை. நகம் பதிந்துவிட்டது. நானும் எடுக்கவில்லை.

மறுநாள் பூந்தமல்லி ரோட்டு நர்சரியில் ரோஜாவும் செம்பருத்தியும் வாங்கி ஜன்னலில் வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், மூடிக்கொண்டாள். அப்புறம் ஆசிக்கிடம் சொன்னேன். "ஏரிப் பக்கம் உண்ணிச்செடி நிறையக் கெடக்கு, வாங்க அங்கிள்" என்று செம்பரம்பாக்கத்துக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். பிளாட்டுக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்த இடம். ஜேசிபிகாரர் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். "இதயா எடுத்துகினு போறீங்க? லாரி லாரியா தரேன் அண்ணாத்தே" என்றார். வேரோடு மூன்று செடி கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். காலை மாலை தண்ணீர் ஊற்றினேன். சுவர் இடுக்கில் யாரும் கேட்காமல் வளர்ந்த செடி, தொட்டியில் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றும் கருகிவிட்டன.

இப்போது நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். என்மேல் கோபம். இருக்கட்டும். சாப்பாடுதான் இறங்கவில்லை. நேற்றிலிருந்து சளி கட்டியிருக்கிறது.

நீ நன்றாக இரு.

அண்ணன்


மேனாம்பேடு
6-4-2025

சரசாவுக்கு,

பங்குச் சாமியார் மடத்துக்குப் போன் செய்து சொன்னதாகச் சொன்னார். உனக்குத் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை விடியற்காலையில் சொர்ணம் போய்விட்டாள். சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அமல் வந்து சேர்ந்து மண் போட்டான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டேன். பதில் அழுத்து வரவில்லை. என்ன கேட்டேன் என்று எழுத வரவில்லை.

இந்தக் கடிதமும் மற்றதோடு கிடக்கட்டும்.

இருதயராஜ்


மடம், ஏற்காடு
22-4-2025

என் அன்பு அண்ணா,

அண்ணி போன செய்தியை அன்றைக்கே மதர் சொன்னார். அண்ணிக்காகக் கோவில் மணி அடித்தார்கள். வெளியே போக முடியாது என்று தெரிந்தே இந்த மடத்துக்கு வந்தவள் நான், ஆனாலும் அன்று வாசல் கதவு வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

உன் இரண்டு கடிதங்களும் ஈஸ்டர் அன்று கைக்கு வந்தன. எல்லோரும் தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணியை அடக்கம் செய்த பிறகு, அண்ணி சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்று படிக்கிறேன். என் நியமம் இது, இதற்கு யார்மேலும் குறையில்லை. ஆனால் உன்னை அந்த நாட்களில் தனியாக விட்டது இந்த நியமம்தான் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

கடைசியாக என்ன கேட்டாய் என்று நான் கேட்கமாட்டேன். கோபமாக இருந்தவர்கள் கையைக் கொடுக்கமாட்டார்கள் அண்ணா. அண்ணி கொடுத்தார்கள். இதை மட்டும் பிடித்துக்கொள்.

வேலைக்குப் போகிறாயா? யார் சமைக்கிறார்கள்? உடனே எழுது. இனி திருவருகைக் காலம் வரை ஒவ்வொரு மாதமும் எழுதுவேன்.

தங்கை,
சரசா


மேனாம்பேடு
18-5-2025

சரசா,

உன் கண் தேறியது எழுத்தில் தெரிகிறது. நான் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். அமல் அனுப்புகிறான். அஞ்சலை ஒருவேளை வந்து சமைத்துவிட்டுப் போகிறாள்.

நீ எழுதியதைப் பல முறை படித்தேன். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று நடந்தது, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செடியை வெட்டின பிறகு மதிய நேரத்தில் நான் அந்த அறையில் இருந்ததே இல்லை. இரண்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவேன். போன வாரம் முதல் தடவையாக மதியம் அவள் கட்டிலில் படுத்தேன். சற்று நேரத்தில் ஆசிக் வீட்டு காம்பவுண்டுக்கு மேலே வெயில் இறங்கி நேராக முகத்தில் விழுந்தது. அறையின் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து கூசுகிறது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தலையை இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் விடவில்லை. செடி இருந்தவரை அந்த வெயிலை அதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அஞ்சலையிடம் கேட்டேன். "மத்தியானம் இந்தக் கட்டிலில் இப்படித்தான் வெயில் அடிக்குமா?"

"ஆமா சார். நாலரை, அஞ்சு வரைக்கும் அடிக்கும். ஜன்னல மூடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அந்தாண்ட ரூம்ல இருப்பேன். அம்மா ஒண்ணுமே சொல்லாது, கண்ண மூடிகினு படுத்துகினு இருக்கும்."

அவளை என்ன சொல்ல? மூடாதே என்று நான்தான் சொன்னேன். வெளிச்சம் நன்றாக வருகிறது என்று உனக்குப் பெருமையாக எழுதியவனும் நான்தான்.

நேற்று மறுபடியும் அங்கே படுத்தேன். வலது கையையும் காலையும் அசைக்காமல் வைத்துக்கொண்டேன். வெயில் முகத்துக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, மெதுவாக நெஞ்சுக்கு இறங்கியது. அஞ்சலை காபி கொண்டுவந்தவள், "இன்னா சார் இது, வேர்த்து ஊத்துது, எழுந்துருங்க" என்று ஜன்னலைச் சாத்தப் போனாள்.

அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் தன் முந்தானையை விரித்து, வெயில் என்மேல் விழாமல் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
இருதயராஜ்